பனி முழுங்கின வீடும் கோவாவுல இருக்கிற காகிதமும்

யானைக்கவுனி வெயில்ல, ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு அண்டார்டிகா பத்தி எழுதறேன். சிரிக்காதீங்க மக்களே!

1981 டிசம்பரில் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலேறினார்கள். மூன்றாவது குழு 1983-84ல் தட்சிண கங்கோத்ரியைக் கட்டியது. பனித்தட்டு மேல கட்டின வீடு. கோவா அஞ்சல் கோட்டத்துக்குக் கீழ ஒரு தபாலாபீசு கூட அங்க இருந்துச்சு! வருஷா வருஷம் பனி மூடி, 1990ல கைவிட வேண்டியதாப் போச்சு.

வீடு போச்சு. அங்க அளந்து எழுதின கணக்கு? 1984ல அடிச்ச காத்தை இப்பப் போய் அளக்க முடியாதுல்ல. ஆய்வு முடிவுகள் எல்லா நாட்டுக்கும் தடையில்லாமல் கிடைக்கணும்னு 1959 அண்டார்டிகா உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு சொல்லுது. பனிப்போர் நடக்கும்போதே அமெரிக்காவும் சோவியத்தும் ஒண்ணா போட்ட கையெழுத்து. இந்தியா 1983ல சேர்ந்தது.

கேம்பிரிட்ஜ்ல, ஸ்காட் இறந்தப்ப ஜனங்க குடுத்த நிதியில மிச்சமான காசுல 1920லயே துருவ ஆய்வு நிலையம் வந்துடுச்சு, நூலகத்தோட. நமக்கு 1998ல, கோவா வாஸ்கோவில். தேசிய துருவத் தரவு மையமும் அங்கதான்.

எங்க தாத்தாவோட கணக்கு நோட்டை எல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டவன் நான். அதான் இதைத் தேடித்தேடிப் படிக்கிறேன் போல.