சப்ரகமுவ தோட்டங்களில் செய்தி வந்த வழி

சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்குச் செய்தித்தொடர்பு தாமதமாகவே எட்டியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1832இல் ஓடத் தொடங்கிய குதிரைத் தபால் வண்டி கேகாலைப் பகுதியைக் கடந்துதான் போனது. களனிப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓபநாயக்கவையும் தொட்டது. தேயிலையையும் ரப்பரையும் கொழும்புக்கு இறக்குவதற்காக ரயில் பாதை முன்கூட்டியே வந்துவிட்டது. அந்தப் பாதையில் எது எங்கே நிற்கிறது என்று அறியும் வசதி யாரிடம் இருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தடம் அறியும் கருவிகளுக்குத் தோட்டத்தில் ஒருநாளும் பஞ்சமில்லை. ஆனால் அவை மேலிருந்து கீழே மட்டுமே பார்த்தன.

இதற்கு முதற் சான்று தகர டிக்கெட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவின் தட்டப்பாறை முகாம் வழியாகவும் பின்னர் மண்டபம் முகாம் வழியாகவும் இலங்கைக்கு அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளியிடம், எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று காட்டும் குறி பொறித்த தகரத் தகடு ஒன்று இருந்தது. வழியில் இருந்த அதிகாரிகள் அதைப் பார்த்தே அவரை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறியது. தோட்டம் வந்து சேர்ந்ததும் அவர் பெயர் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பதிவானது. பெரட்டு எனப்பட்ட விடியற்காலை ஆள்கணக்கெடுப்பில் யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரைப்பேர் (அரைநாள் கணக்கு) என்பதைக் கணக்கப்பிள்ளை நாள்தோறும் குறித்தார். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், பட்ட கடனைக் குறிப்பிடும் துண்டுச் சீட்டும் கூடவே போனது. அந்த முறை 1921இன் சட்டத்தோடுதான் ஒழிந்தது. ஆக, ஒரு மனிதர் புறப்பட்ட ஊரிலிருந்து மலையில் பிடித்த கொழுந்துக்கூடை வரை, அவருடைய ஒவ்வோர் அடியும் ஏட்டில் இருந்தது.

அதே மனிதருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தின் கதை வேறு. தபால் நிலையத்திலிருந்து தோட்டத்து ஆள் சுமந்து வந்த பை தோட்ட அலுவலகத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு கடிதம் எப்போது, யார் கையால் லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புக்குப் போகும் என்பது அலுவலகத்தின் விருப்பம். லயங்கள் சிதறிக் கிடந்தன, ஏற்றம் கடுமை, வீட்டுக்கு இலக்கம் இல்லை, தபால்காரர் வேறு என்ன செய்வார் என்று கேட்கலாம். மலைப்பாங்கான நிலத்தில் அலுவலகத்தில் பையை இறக்குவது எளிது என்பது உண்மைதான். ஆனால் அதே லயத்தில், அதே காம்பிராவில் (அறையில்) இருந்தவரைப் பெரட்டுக்கு வராத அன்று தேடிப் பிடிக்க நிர்வாகத்தால் முடிந்தது. ஆளுக்குப் பதிவு எழுத முடிந்தவர்களுக்கு வீட்டுக்கு இலக்கம் எழுதுவது பெரும்பாடாக இருந்திருக்காது. இதன் விளைவும் சிறியதல்ல. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், வரும் அறிவித்தலுக்குத் தவணைக்குள் பதில் தர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கடிதம் மேசையில் தங்கினால் ஒரு குடும்பத்தின் நாடே கேள்விக்குள்ளாகலாம். எந்த இடத்தில் தங்கியது என்று காட்ட அக்குடும்பத்திடம் எந்த வழியும் இருக்கவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், இணையத்தில் தரவு போகும் வழியைத் தேடக் கற்பதன் பொருள் விளங்கும். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் வான் ஜேக்கப்சன் எழுதிய ட்ரேஸ்ரூட் என்ற நிரல் ஓர் எளிய விதியைப் பயன்படுத்துகிறது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் ஓர் எண் இருக்கும். பொதிகளை வழிநடத்தும் கருவியான ரவுட்டர், வழியில் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் தீர்ந்ததும் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு அறிவிக்கும். எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி அனுப்பினால், முதல் ரவுட்டர், இரண்டாவது, மூன்றாவது எனத் தங்கள் முகவரியோடு அவை பதில் சொல்கின்றன. பெலிகுல்லோயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் சென்னைக்குப் போகும் பொதியைத் தேடினால், அது எந்த நிறுவனத்தின் வலையில் நுழைகிறது, கடலைக் கடந்ததும் நேரம் எப்படிக் கூடுகிறது, நேர்வழியில் போகிறதா சிங்கப்பூரைச் சுற்றுகிறதா என்று ஊகிக்கலாம். எந்த அலுவலகத்தின் அனுமதியும் இதற்குத் தேவையில்லை. கேள்வி கீழிருந்து புறப்படுகிறது. செக்ரோலில் இல்லாத திசை இது.

இதை மிகைப்படுத்தக் கூடாது என்பாரும் உண்டு. சில ரவுட்டர்கள் பதிலே சொல்வதில்லை. திரையில் நட்சத்திரக் குறிதான் விழும். பொதி திரும்பி வரும் வழி இதில் தெரியாது. அலைவரிசையே எட்டாத லயத்தில் இது எதற்கு என்றும் கேட்கலாம். மூன்றும் நியாயமானவை. ஆயினும் பதில் வராத கட்டம் எது என்று தெரிவதே ஓர் அறிவு. அதற்கு முந்திய கட்டம் வரை பாதை சரி என்று அது நிறுவுகிறது. இணைப்பு சரியில்லை என்ற முறைப்பாடும், எந்தக் கட்டத்தில் தடைப்படுகிறது என்று சுட்டும்போது, வலுவான முறைப்பாடாகிறது. பல தோட்டங்களில் அண்மைக்காலம் வரை கடிதங்கள் அலுவலகம் வழியேதான் வந்தன என்பதை நினைத்தால், செய்ய வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு தோட்ட வீட்டுக்கும் தனி முகவரி வேண்டும். தோட்டப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில், கணினியை இயக்கக் கற்பதோடு, செய்தியின் தடம் தேடவும் பிள்ளைகள் கற்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டில் தேடப்பட்ட ஒரு சமூகத்துக்கு, தேடுகிறவராக மாறும் உரிமை அதில்தான் தொடங்குகிறது.