கோடரியைக் கழற்றும் எல்லை

இத்தாலியின் டஸ்கனியில் வெத்துலோனியா என்றொரு ஊர். அங்கே 1898-இல் எத்ருஸ்கர்களின் பழைய கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். உள்ளே துருவேறிய இரும்புக் கம்பிகளும், இருபுறமும் வாய் கொண்ட சின்னக் கோடரி ஒன்றும் கிடைத்தன. காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டு. ரோமுக்கு அதன் அதிகாரச் சின்னமான கோல்கட்டைக் கொடுத்த ஊர் இதுதான் என்று சிலியுஸ் இட்டாலிகுஸ் என்ற ரோமானியக் கவி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருந்தார். கல்லறையில் கிடைத்தது உண்மையில் அதுதானா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். கோல்கட்டு எத்ருஸ்கர்களிடமிருந்து வந்தது என்பதை மட்டும் ரோமானிய எழுத்தாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்.

ரோமானியர் அதை ஃபாஸ்கெஸ் என்றார்கள். ஒரு கட்டு மரக்கோல்கள், சுற்றிலும் சிவப்புத் தோல்வார், நடுவே கோடரி. அடிப்பதற்குக் கோல், தலையை வெட்டுவதற்குக் கோடரி. அதிகாரி இதைக் கையால் தொடுவதில்லை. லிக்டர் என்ற சேவகர்கள் இடது தோளில் சாய்த்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவருக்கு முன்னால் நடப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் வெள்ளிக்கோலோடு நடக்கும் டவாலியைப் பார்த்தவர்களுக்கு லிக்டரைத் தெரியும். ஒரே வித்தியாசம், லிக்டரின் கோல் வேலை செய்தது.

எப்படி வேலை செய்தது என்பதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி ஒரு கதை சொல்கிறார். கி.மு. 509-இல் அரசனை விரட்டிவிட்டு, ஆட்சியை நடத்த ஆண்டுக்கு இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கான்சல்களில் ஒருவர் புரூட்டஸ். விரட்டிய அரசனைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்தவர்களில் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தார்கள். லிக்டர்கள் கட்டை அவிழ்த்துக் கோலால் அடித்தார்கள், பிறகு கோடரியால் வெட்டினார்கள். கான்சல் என்ற முறையில் தகப்பன் அங்கே இருந்து பார்த்தாக வேண்டியிருந்தது.

அரசன் போனான், அவன் கோல்கட்டு போகவில்லை. ரோமானியரின் கெட்டிக்காரத்தனம் அதைச் சுற்றி அவர்கள் போட்ட வேலிகளில்தான் இருக்கிறது என்பேன். இரண்டு கான்சல்களுக்கும் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு லிக்டர்கள் என்றால் அரசன் காலத்துப் பயம் இரட்டிப்பாகிவிடும். ஆகவே இந்த மாதம் ஒருவருக்கு, அடுத்த மாதம் மற்றவருக்கு. நகரத்தின் புனித எல்லைக்குள் நுழைந்தால் கோடரியைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் உள்ளே குடிமகனுக்கு மக்களிடம் முறையிடும் உரிமை உண்டு. மக்கள் மன்றத்தின் முன்னால் வந்தால் கட்டைத் தாழ்த்த வேண்டும். வலேரியுஸ் என்ற கான்சல் தொடங்கிவைத்த வழக்கம் இது. வெளி மாகாணத்தை ஆளும் பிரேட்டருக்கு ஆறு. நெருக்கடியில் நியமிக்கப்படும் சர்வாதிகாரிக்கு இருபத்துநான்கு, நகருக்குள்ளும் கோடரியோடு. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அவர் பதவியில் இருக்க முடியாது. சாமானிய மக்களின் டிரிபியூனுக்கு ஒரு கோல்கூடக் கிடையாது. அவரோ கான்சலின் உத்தரவையே தடுத்து நிறுத்தலாம்!

வேலி உடைந்தால் என்னவாகும் என்பதையும் ரோம் பார்த்தது. சட்டம் எழுதப் பத்துப் பேர் குழுவை அமர்த்தியபோது, முதல் ஆண்டில் அன்றன்றைக்குத் தலைமை ஏற்பவருக்கு மட்டுமே பன்னிரண்டு லிக்டர்கள். கி.மு. 450-இல் வந்த இரண்டாவது குழு முதல் நாளே பத்துப் பேரும் ஆளுக்குப் பன்னிரண்டாக, கோடரியோடு வந்து நின்றது. ஃபோரம் என்ற பொதுத்திடல் முழுக்க நூற்றிருபது லிக்டர்கள். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை, ஊருக்குப் புரிந்துவிட்டது.

எனக்குப் பிடித்த கதை கி.மு. 213-இல் நடக்கிறது. எதிரித் தளபதி ஹன்னிபாலை அலைக்கழித்த கிழவர் ஃபேபியுஸ், அந்த ஆண்டு கான்சலாக இருந்த தன் மகனின் முகாமுக்குக் குதிரையில் வருகிறார். கான்சல் எதிரில் குதிரையிலிருந்து இறங்க வேண்டும் என்பது முறை. கிழவரின் மதிப்பை நினைத்துப் பதினோரு லிக்டர்கள் வாய் திறக்கவில்லை. கடைசி லிக்டரிடம் மகன் சொன்னான், கவனி என்று. லிக்டர் குரல் கொடுத்தான். இறங்கிய கிழவர், நீ கான்சல் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்த்தேன் என்றாராம்.

குடியரசு தேயத் தேய, கோல்கட்டும் அடிபட்டது. கி.மு. 59-இல் சீசரின் சகக் கான்சல் பிபுலுஸ் எதிர்ப்புத் தெரிவிக்க வந்தபோது, கூட்டம் அவர் தலையில் சாணத்தைக் கொட்டி, ஃபாஸ்கெஸை முறித்துப் போட்டது. கி.மு. 53-இல் ரோமானியத் தளபதி கிராசுஸின் படையை அழித்த பார்த்தியர்கள் கேலி ஊர்வலம் விட்டார்கள்: ஒட்டகத்தின் மேல் போலி லிக்டர்கள், கோல்களில் பணப்பைகள், கோடரிகளில் ரோமானியத் தலைகள். கிராசுஸின் பண ஆசையை அவர்களும் அறிந்திருந்தார்கள். கி.மு. 46-இல் வெற்றி ஊர்வலம் போன சீசருக்கு எழுபத்திரண்டு லிக்டர்கள். எண்ணிக்கைக்கு வரம்பு போய்விட்டது. சீசருக்குப் பின் வந்த அகஸ்டஸ் விவரமானவர். பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டார், ஆனால் ஆயுள் முழுக்க.

பேரரசர்களோடு அது மங்கி, பிறகு ஓவியங்களிலும் சிற்பங்களிலும் அலங்காரமாகக் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் புரட்சிக்காரர்கள் தூசி தட்டி எடுத்தபோது, கட்டிய கோல்கள் ஒற்றுமைக்கு அடையாளமாகிவிட்டன. சிற்பி ஊடோன் செய்த வாஷிங்டன் சிலையில் அவர் கை ஊன்றியிருப்பது பதின்மூன்று கோல்களின் மீது, மாநிலத்துக்கு ஒன்றாக. 1919-இல் மிலானில் முசோலினி தன் இயக்கத்துக்கு இதே கட்டின் பெயரை வைத்தார்; 1926-இல் அது இத்தாலிய அரசின் சின்னமானது. அவருடைய கட்டில் கோடரி எல்லா இடத்திலும் இருந்தது. கழற்ற வேண்டிய எல்லை எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இன்றும் ஒரு கோல்கட்டு பயன்பாட்டில் இருக்கிறது. பழையது 1814-இல் ஆங்கிலேயர் வைத்த தீயில் போனதால், 1841-இல் செய்தது: பதின்மூன்று கருங்காலிக் கோல்கள், வெள்ளிப்பட்டை, உச்சியில் கோடரிக்குப் பதில் வெள்ளிக் கழுகு. சபை கூடினால் சபாநாயகரின் வலப்பக்க உயரப் பீடத்தில் நிற்கும். சபையே குழுவாக மாறி விவாதிக்கத் தொடங்கினால், தாழ்ந்த பீடத்துக்கு இறக்கிவிடுவார்கள். உள்ளே நுழையும் உறுப்பினர் அதன் இடத்தைப் பார்த்தே இப்போது எது நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்.