குட்டை உத்தரங்களில் சறுக்குப் பெயர்ச்சி

நீளத்தோடு ஒப்பிட ஆழம் மிகுந்த உத்தரம், பாரம் ஏறும்போது வளைவதோடு நிற்பதில்லை. அதன் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவவும் முனைகின்றன. இதுவே சறுக்குப் பெயர்ச்சி. பொறியாளர் பேச்சில் 'ஷியர்'. இரு முனையிலும் தாங்கப்பட்டுச் சீரான பாரம் சுமக்கும் செவ்வக எஃகு உத்தரத்தின் நீளம், ஆழத்தைப்போல் 10 மடங்கானால், ஷியரால் கூடும் தொய்வு வளைவுத் தொய்வில் சுமார் 2.5 விழுக்காடு, 5 மடங்கானால் 10, 2 மடங்கானால் 60-ஐத் தாண்டும்.

பெர்னூலி, ஆய்லர் வகுத்த பழைய கோட்பாடு இந்நழுவலைக் கணக்கில் கொள்ளவில்லை.

இக்குறையை முதலில் உரக்கச் சொன்னது மரம்தான். 1840-களில் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ இருப்புப் பாதைக்குப் பாலங்கள் அமைத்த திமித்ரி ஜுராவ்ஸ்கி, ஆழமான மர உத்தரங்களைக் கையாள நேர்ந்தது. நார் ஓடும் திசையில் மரம் எளிதில் பிளவுபடும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். அந்தப் பிளவுக்குக் காரணமான தகைவைக் கணக்கிடும் வாய்பாட்டைத் தந்தவர் ஜுராவ்ஸ்கி. இன்றும் மாணவர்கள் பயில்வது அதையே.

ரேங்கின் (1858), பிரெஸ் (1859) ஆகியோர் ஷியரின் விளைவை நூல்களில் சேர்த்தனர். ஷியரையும் கணக்கில் கொண்டு, அதிரும் உத்தரத்துக்கான சமன்பாட்டை ஸ்டீபன் திமஷென்கோ 1921-இல் லண்டனின் 'பிலாசபிகல் மேகசின்' இதழில் வெளியிட்டார். 1911-இல் கீவில் வேலை பறிபோனபோது அவருக்குக் கைகொடுத்தது ஜுராவ்ஸ்கி பெயரிலான பரிசு என்பது இங்கே குறிக்கத்தக்கது. சமன்பாட்டில் இயற்பியலர் பால் எரன்ஃபெஸ்டுக்கும் பங்குண்டு என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிட்டு, இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர். பிரெஸுக்கே முதன்மை என்போரும் உளர். பாடநூல்களில் திமஷென்கோ பெயர் மட்டுமே நிலைத்துள்ளது.

வெட்டுமுகம் முழுவதும் ஷியர் சீராகப் பரவாததை ஈடுகட்டும் குணகத்திலும் ஒருமித்த முடிவு இல்லை. செவ்வகத்துக்குத் திமஷென்கோ முதலில் கொண்டது 2/3; பலர் ஏற்பது 5/6; கௌப்பர் 1966-இல் தந்த வாய்பாடு எஃகுக்குச் சுமார் 0.85 தருகிறது.

கணினி யுகத்தில் சிக்கல் தலைகீழானது: உத்தரத்தைச் சிறு துண்டுகளாகப் பகுத்துக் கணிக்கும் முறையில், ஷியரைச் சேர்த்த எளிய துண்டுகள் (கூறுகள்), மெல்லிய உத்தரங்களை மிகை விறைப்பாகக் காட்டின. 1971-இல் ஜியன்கேவிச் குழுவினர், கூறுகளுக்குள் தொகையீடு கணக்கிடும் புள்ளிகளைக் குறைத்து இதைத் தணித்தனர். கட்டுமான நெறிகளும் குட்டை உத்தரங்களைப் பிரித்தே பார்க்கின்றன: இந்தியத் தர நெறி 456, இரு முனையிலும் தாங்கப்பட்ட கான்கிரீட் உத்தரத்தின் நீளம் ஆழத்தைப்போல் 2 மடங்குக்குக் குறைந்தால் அதை ஆழ உத்தரமாகத் தனியே வகைப்படுத்துகிறது.