பிறை தேடும் கண்ணும் காவலூர்க் கருவியும்

ரமழான் பிறை தேடி மாடியில் நிற்கையில், "நம் பார்வை எவ்வளவு தூரம் போகும், ஹஜ்ரத்?" என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. சிறுபிள்ளைத்தனமான கேள்வியன்று. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்றே யூக்ளிடும் தாலமியும் எண்ணினர்.

அதை மறுத்தவர் ஹிஜ்ரி 354-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். சூரியனை உற்றுநோக்கினால் கண் வலிக்கிறது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லையெனில் வலி எங்கிருந்து வந்தது? இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தும் சோதித்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய பொட்டு மட்டுமே மறைந்தது. இவற்றையெல்லாம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் எழுதிவைத்தார். அவர் பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்லும் நாம், அவருடைய சோதனைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வது அரிது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்கே 1972-இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 இரவு ஒரு விண்மீனை நோக்கியிருந்தது. யுரேனஸ் கோள் அதன் அருகே கடக்கவிருந்தது. விண்மீனின் ஒளி கருவியிலுள்ள உலோகப் பூச்சில் பட்டால் எலக்ட்ரான்கள் வெளிப்படும். அவற்றைப் பெருக்கி, மின்னோட்டமாக அளப்பார்கள். நம் விழித்திரையில் ஒளி பட்டதும் ஒரு நிறமி உருமாறி, நரம்புவழிச் செய்தி மூளைக்குச் செல்கிறது. கண்ணும் கருவியும் வருவதை வாங்குபவையே.

அன்றிரவு விண்மீனின் ஒளி சட்டெனக் குறைந்து மீண்டது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள் எனக் கருதி 'நேச்சர்' இதழில் எழுதினர். அதே வேளையில் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் பறந்த அமெரிக்க ஆய்வாளர்கள், கோளின் இருபுறமும் ஒத்த இடைவெளிகளில் ஒளி மங்கியதைப் பதிவு செய்திருந்தனர். துணைக்கோள் அவ்வாறு இருபுறமும் மறைக்காது. அவை யுரேனஸின் வளையங்கள்!

காவலூர்க் கருவி காட்டியதில் பிழையில்லை. அதற்குக் கொண்ட பொருள்தான் மாறிற்று. பிறை கண்டதாகச் சொல்லி வருபவரிடம் நம் பெரியோர்கள் எத்திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்புகள் எப்பக்கம் என்று கேட்பது அவரைப் பொய்யராக்க அன்று. அவர் கண்டது மேகக்கீற்றாகவும் இருக்கலாம். இப்போது மாடியில் கைபேசிகளையும் உயர்த்திப் பிடிக்கிறார்கள். அவற்றிலுள்ள சிலிக்கான் தகடும் ஒளியை வாங்கி மின்னாக்குகிறது. அது எடுத்த படத்தைக் கொண்டுவருவோரிடமும் நாம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறோம்.