பங்கா இழுத்தவருக்கு மனம் இருந்ததா?

இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ரயில் விட்ட மெட்ராஸ் ரயில்வேயில் பின்னாளில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்டு வாலர் ஸ்டோனி. சத்தமில்லாத பங்கா சக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். பங்கா, கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறி. அதன் கயிறு சுவரில் இருக்கும் துளை வழியே தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இரவெல்லாம் இழுப்பார். சக்கரம் கிறீச்சிட்டால் துரையின் தூக்கம் கெடும். அதற்குத் தீர்வு வந்தது. இழுப்பவரின் தூக்கம் யாருக்கும் பொறியியல் சிக்கலாகப் படவில்லை.

ஸ்டோனியின் மகள் ஈத்தல் சாரா போத்தனூரில் பிறந்தவர். சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியஸ் டூரிங்கை 1907இல் மணந்தார். இவர்களுடைய இளைய மகன்தான் ஆலன் டூரிங். இயந்திரம் சிந்திக்குமா என்று 1950இல் 'மைண்ட்' இதழில் கேட்டவர்.

அவர் முன்வைத்த சோதனை ஓர் ஆணையும் பெண்ணையும் கொண்டு தொடங்குகிறது என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருவரும் மறைவில் இருப்பார்கள். தட்டச்சில் வரும் பதில்களை வைத்து யார் பெண் என்று கேள்வி கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டும். குழப்புவது ஆணின் வேலை, உதவுவது பெண்ணின் வேலை. பிறகு ஆணின் இடத்துக்கு இயந்திரம் வருகிறது. முதல் மாதிரிக் கேள்வியே முடியின் நீளம் பற்றியது. கூந்தல் பற்றிய ஐயம் நக்கீரரோடு முடியவில்லை!

உணர்ந்து கவிதை எழுதாதவரை இயந்திரத்துக்கு மனம் உண்டென்று ஏற்க முடியாது என்றார் ஜெஃப்ரி ஜெஃபர்சன் என்ற மூளை அறுவை மருத்துவர். டூரிங் சொன்ன பதில் கூர்மையானது: அப்படிப் பார்த்தால் அடுத்த மனிதர் உணர்கிறார் என்பதற்கும் நம்மிடம் ஆதாரம் இல்லை, எல்லோரும் சிந்திக்கிறார்கள் என்று மரியாதைக்காக ஏற்றுக்கொள்கிறோம்.

எல்லோருமா? அவருடைய தாத்தா காலத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வாக்குரிமைக்கும் கல்விக்கும் போராடிய பெண்களிடம், உங்களுக்குப் பகுத்தறியும் ஆற்றல் உண்டா என்று கேட்டவர்களும் அதைக் கொடுக்கவில்லை. திருவொற்றியூர்ப் பட்டறைகளில் ஆயுத பூசையன்று லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். லேத் வலியை உணரும் என்று யாரும் நம்பியல்ல. மரியாதை ஒரு வழியில் போகிறது, மனம் இன்னொரு வழியில் இருக்கிறது. அதனால், நன்றாகப் பேசும் மென்பொருளைக் கண்டு இதற்கும் உணர்வு வந்துவிட்டது என்போரின் அவசரம் எனக்குப் பிடிபடவில்லை.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. (அதே மரபியல்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்றும் பிரிக்கிறது, அதை மறந்து பெருமைப்பட வேண்டாம்.) புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள ஓரறிவு தொடுவுணர்வு. பிறகு சுவை, மணம், காட்சி, கேள்வி; ஆறாவதாக மனம். பேச்சு அந்த வரிசையில் எங்குமே இல்லை. டூரிங்கின் சோதனை உடலைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு எழுத்தை மட்டும் கேட்கிறது. கயிற்றில் தோல் உரிந்த கை அந்தச் சோதனைக்குள் வரவே வராது.