ஏணியில் ஏறாத ஆயுதம்: குண்டாற்றுக் கரிசலில் வளரியின் வரலாறு

அறிபுனைச் சுடுவிளையாட்டுகளில் ஆயுதத்துக்கு ஒரே திசைதான், மேல்நோக்கி. முதலில் கிடைக்கும் துப்பாக்கி சிறிது நேரத்திலேயே பழசாகிவிடும். புள்ளிகளைச் சேர்த்தால் குண்டின் வேகம் கூடும், அதில் தீயோ மின்னோ ஏறும். 2008இல் கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டார்க் செக்டர்' இந்த மரபுக்குள் ஒரு வேடிக்கையைச் செய்தது. அதன் நாயகனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஆயுதம் மூன்று அலகுள்ள ஓர் எறிபடை. வீசினால் சுழன்று போய் எதிராளியை வெட்டிவிட்டுக் கைக்கே திரும்பும். நெருப்பையும் உறைபனியையும் மின்சாரத்தையும் ஏந்திச் செல்லவும் போகப் போகக் கற்றுக்கொள்ளும். அதே நிறுவனம் 2013இல் கொண்டுவந்த 'வார்ஃப்ரேம்' விளையாட்டிலும் இந்த எறிபடை உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் திரையில் இதைப் பார்த்தால் 'நம்ம வளரி மாதிரி இருக்கே' என்று சொல்லக்கூடும்.

பாதிதான் சரி. வளரி சுழன்று போகும், அடிக்கும், திரும்பி வராது. அதன் வரலாறும் படிப்படியாக மேலே போனதல்ல. மட்டமான ஆயுதம் போய் உயர்ந்த ஆயுதம் வந்தது என்ற கதைக்குள் வளரியை அடைக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கதையை முதன்முதலில் படமாகவே போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ஆங்கிலேயப் படை அதிகாரி அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ். பிட் ரிவர்ஸ் என்ற பின்னாள் பெயரால்தான் இன்று அறியப்படுகிறார். 1850களின் தொடக்கத்தில் புதிய ரைஃபிள்களைச் சோதிப்பதும், அவற்றைச் சுடப் படைவீரர்களைப் பழக்குவதும் அவருடைய வேலை. ஒரு துப்பாக்கிக்கும் அடுத்த துப்பாக்கிக்கும் இடையில் எவ்வளவு சின்னச் சின்ன மாற்றங்கள் என்று அங்கேதான் கவனித்தார். பிறகு அதே கண்ணோடு உலகத்து ஆயுதங்களையெல்லாம் சேர்க்கத் தொடங்கினார். 'ஆதிகாலப் போர்முறை' பற்றி 1867 முதல் 1869 வரை லண்டனில் அவர் ஆற்றிய உரைகளில் ஆஸ்திரேலிய எறிதடிகளுக்குப் பக்கத்தில் இந்திய எறிதடிகளுக்கும் இடம் கிடைத்தது. 1875ஆம் ஆண்டு உரைக்கு அவர் வரைந்த படம் புகழ்பெற்றது. நடுவில் ஒரு நேர்க்குச்சி; அதிலிருந்து ஆரங்களாகப் பிரிந்து ஒரு பக்கம் ஈட்டி, ஒரு பக்கம் கேடயம், ஒரு பக்கம் வளைதடி. இன்றைய விளையாட்டில் ஆயுத மேம்பாட்டைக் காட்டும் திரையை அதன் அருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கையால் வரைந்தவை என்று நினைக்கத் தோன்றும்.

படத்தில் ஒரு கோளாறு உண்டு. அதில் இருக்கும் ஆயுதங்கள் அனைத்தும் ஒரே காலத்தில் ஆஸ்திரேலிய மக்கள் கையில் இருந்தவை. பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டால் வரலாறு ஆகிவிடாது. வளரி விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் சேதுநாட்டிலும் சிவகங்கைச் சீமையிலும் வளரி, நீள ஈட்டி, வாள், திரி வைத்துச் சுடும் துப்பாக்கி எல்லாமே ஒரே படையில் இருந்தன. எந்த ஆயுதத்தை எப்போது எடுப்பது என்பதை நிலமும் கைக்காசும் தீர்மானித்தன.

நிலத்தைப் பார்ப்போம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் அன்று இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சிக்குள் இருந்தது. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு கமுதி வழியாகக் கீழிறங்குகிறது. ஆண்டில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். நடுவே கண்மாய்க் கரைகள், கருவேலம், உடைமரம். வடகிழக்குப் பருவமழை வந்தால் கரிசல் குழைந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வராவிட்டால் வெடித்துக் கிடக்கும். முள்ளுக்கு நடுவே நாற்பது ஐம்பது அடிக்கு மேல் பார்வை ஓடாத இடமும் உண்டு. கரையேறி நின்றால் தொலைவரை தடையற்ற வெளியும் உண்டு. இந்த நிலத்தில் துப்பாக்கிக்காரனுக்கு ஈயமும் காய்ந்த மருந்தும் அணையாத திரியும் வேண்டும். வளரிக்காரனுக்கு ஒரு வைரம் பாய்ந்த மரமும் அதைச் செதுக்கத் தச்சனும் போதும்.

பொருளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிறைபோல் வளைந்த குட்டையான தடி. ஒரு முனை கனத்து அகன்றிருக்கும், மறுமுனை மெலிந்து கைப்பிடியாகும். பெரும்பாலும் மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி, வேகம் ஏறியதும் விடுவார்கள். கனத்த முனை முன்னால் இழுக்க, தடி தன்னையே சுற்றிக்கொண்டு போகும். எறிந்த கைக்குத் திரும்பவேண்டுமானால் தடி இலேசாகவும் தட்டையாகவும் இருக்கவேண்டும். காற்று அதைத் தூக்கித் திருப்பவேண்டும். வளரியின் கனம் அதற்கு எதிரானது. அந்தக் கனம்தான் தூரத்தையும் அடியையும் தருகிறது. திரும்பி வரும் வளரி என்பது சினிமாவும் மேடைப்பேச்சும் வளர்த்த ஆசை. இல்லாத திறமையை ஏற்றிச் சொன்னால்தான் பெருமை என்று நினைப்பதும் மட்டத்திலிருந்து உயர்வுக்கு என்ற அந்த ஏணிக்குத் தலைவணங்குவதே.

வளரிக்கு நேர்ச்சான்று தருபவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கும்பெனிப் படையில் இளம் அதிகாரியாக இருந்த அவர் 1795இல் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக 1830இல் வெளியான தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். தேர்ந்த கையிலிருந்து புறப்பட்டால் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்பது அவர் கணிப்பு. அக்காலத்துக் குழல் துப்பாக்கி நூறு கஜத்தில் தனி ஆளைக் குறிவைத்து அடிக்கத் திணறிய ஒன்று. திரியில் தீ ஏற்றி, மருந்து கெட்டித்து, ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி நிரப்பும் நேரத்தில் வளரிக்காரன் இடுப்பிலிருந்து இன்னொன்றை உருவியிருப்பான். வெல்ஷ் தம் இளமை நட்பின் இனிப்பில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதியைக் கழித்துவிட்டாலும் இதைக் கற்கால மிச்சம் என்று ஒதுக்கமுடியாது.

ஆறு ஆண்டு கழித்து அதே வெல்ஷ், தமக்குக் கற்றுக்கொடுத்தவரை வேட்டையாடும் படையில் இருந்தார். தொடை முறிந்து பிடிபட்ட சின்ன மருதுவைப் பார்த்ததையும் அவர் மனம் கனத்தே பதிவு செய்கிறார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

ஈட்டிக்கும் இதே கதைதான். 1750களில் மதுரைக்கு வடக்கே கள்ளர் நாட்டில் பதினெட்டு அடி ஈட்டியோடு தரையில் ஊர்ந்து பதுங்கித் தாக்கியவர்களைப் பற்றிக் கும்பெனியின் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் எழுதினார். 1755இல் நத்தம் கணவாயில் கர்னல் ஹெரான் படை மாட்டிக்கொண்டது அத்தகையவர்களிடம்தான். அந்த நீளத்து ஈட்டியைத் திறந்தவெளியில் தூக்கிக்கொண்டு ஓடுவது எளிதல்ல. 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் அதற்கு ஏற்ற இடம் கிடைத்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் சில நாள்களில் எழுப்பிய மண்கோட்டை அது. பீரங்கி பிளந்த இடத்தில் ஏறிவந்த கும்பெனிப் படையினரைச் சுவருக்கு அப்பாலிருந்து நீள ஈட்டிகள் தடுத்தன. தாக்குதல் பேரிழப்போடு தோற்றது. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகே மே 24இல் கோட்டை விழுந்தது. நல்ல பீரங்கி வென்றது என்று இதைச் சுருக்கிவிடலாம்தான். ஆனால் மார்ச்சில் வந்த பீரங்கி ஏன் வெல்லவில்லை என்ற கேள்வி அங்கேயே நிற்கும்.

குண்டாற்றுக் கரைக்காரர்களும் துப்பாக்கியை வெறுத்தவர்கள் அல்லர். 1799 ஏப்ரலில் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சியில் கும்பெனிக் கச்சேரியைத் தாக்கியவர்கள் அங்கிருந்த ஆயுதங்களையும் அள்ளிக்கொண்டார்கள். புதியது கைக்கு வந்தால் எடுத்துக்கொள்வது, பழையதைத் தூக்கி எறியாமல் இருப்பது: இதுதான் அவர்கள் வழி. விளையாட்டில் புதிய ஆயுதம் வாங்கினால் பழையதை மறந்துவிடலாம். மருந்து தீர்ந்துபோகும் நாட்டில் அப்படி மறக்க முடியாது.

பிறகு வளரி எப்படி மறைந்தது? அதைவிடச் சிறந்த எறிபடை ஒன்று வந்து அதை வெல்லவில்லை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை பாளையங்களின் ஆயுதங்களைக் களையச் சொன்னது, கோட்டைகளை இடிக்கச் சொன்னது. 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அதே ஆண்டு மயிலப்பனும் தூக்குக் கயிற்றுக்குப் போனார். அடுத்த ஆண்டில் இராமநாதபுரம் நிலையான வரித்திட்டத்தின் கீழ் ஜமீன் ஆனது. என் பார்வையில் ஆயுதத் தடையைவிட ஆழமாக வெட்டியது இன்னொன்று. பாளையக்காரர்களிடம் இருந்த காவல் உரிமை பறிபோனது. இரவில் ஊரைச் சுற்றி, மாடு திருடி ஓடுகிறவனைக் காலில் அடித்து வீழ்த்தி உயிரோடு பிடிப்பதற்கும் வளரி பயன்பட்டது என்பது இப்பகுதி மரபு. அந்த வேலை போனதும் அதைத் தினமும் வீசிப் பழக யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. கையில் பழக்கம் விட்டுப்போனால் இரண்டு தலைமுறையில் கலை போய்விடும். சட்டப் புத்தகத்தைத் தேட வேண்டியதே இல்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் இந்தக் கடைசிக் கட்டம் தெரிகிறது. புதுக்கோட்டை திவான் அனுப்பிய குறிப்பின்படி, அங்கே தேர்ந்த வளரிக்காரர் ஒருவரும் மிச்சமில்லை. முயலும் காட்டுக்கோழியும் அடிக்க எப்போதாவது எடுக்கிறார்கள். மற்றபடி பூசையறையில் பழைய ஆயுதங்களோடு கிடக்கிறது. ஆயுத பூசைக்குத் துடைத்து வைப்பார்கள். திருமணத்தில் இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் கள்ளர் வழக்கத்தையும் தர்ஸ்டன் பதிவு செய்கிறார். சென்னை அருங்காட்சியகத்துக்குத் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்த வளரிகள் தந்தத்தால் ஆனவை. மரத்திலிருந்து இரும்பு, இரும்பிலிருந்து தந்தம் என்று வரிசைப்படுத்தினால் எந்த விளையாட்டிலும் தந்தம்தான் உச்சப் படி. உண்மையில் எறிந்தால் உடையக்கூடிய தந்த வளரியை யார் எறியப் போகிறார்கள்? பொருள் விலையேறியபோதே அது ஆயுதமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது.

அரிவாளை ஒப்பிட்டால் வளரியின் கதி இன்னும் விளங்கும். அரிவாளை யாராலும் களையமுடியவில்லை. வேலிக்கு முள் வெட்டவும், கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டவும், கறி வெட்டவும் அது வேண்டும். திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் இன்றும் அடிக்கிறார்கள். கருப்பசாமி கையிலும் அதுதான். வளரிக்கு அப்படி ஒரு குடும்ப வேலை இல்லை. கடைசியாக எஞ்சியிருந்த வேட்டையையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மூடிவிட்டது. இப்போது சிலம்பம் கற்பிப்பவர்களில் சிலர் வளரி எறிதலையும் மீட்டெடுக்க முயல்கிறார்கள். அவர்களுக்கு ஊரில் பார்த்துக் கற்க ஆள் இல்லாததால் படத்தையும் நூலையும் பார்த்துத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

இதில் ஆய்வாளருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் இருக்கும் மர, இரும்பு வளரிகளின் எடை, வளைவின் கோணம், கனத்த முனைக்கும் மெலிந்த முனைக்கும் உள்ள எடை விகிதம் ஆகியவற்றை ஒரே முறையில் அளக்கவேண்டும். அந்த அளவில் கருவேல மரத்தில் படிகள் செய்து, சித்திரையில் வற்றிக்கிடக்கும் திருச்சுழிக் கண்மாய் ஒன்றில் இருபது, நாற்பது, அறுபது, நூறு கஜங்களில் கணுக்கால் உயரத்துக்குக் கம்பு நட்டு எறிந்து பார்க்கவேண்டும். எறிபவர்களைச் சில மாதம் பழக்கிவிட்டுத்தான் கணக்கெடுக்க முடியும். வெல்ஷ் சொன்ன நூறு கஜத்தில் எத்தனை கஜம் நிற்கும் என்பது அப்போது தெரியும்.