அடங்காத பிள்ளை: ஒரு சட்டச்சொல்லின் பின்கதை

லாலாகுடாவில் ‘அப்ரண்டிஸ்’ என்பது மதிப்புக்குரிய சொல். 1893இல் நிஜாம் ரயில்வே இங்கு நிறுவிய பெட்டிப் பணிமனையை அண்டி வாழும் குடும்பங்களில், ஒரு பையன் பயிற்சித் தொழிலாளனாக உள்ளே போய்விட்டால் அவன் ‘ஒரு வழிக்கு வந்துவிட்டான்’ என்பார்கள். வேலை கிடைத்தது என்பதோடு இத்தொடரின் பொருள் முடிந்துவிடுவதில்லை. அதுவரை அவன் வழியில் இல்லை என்னும் தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது. தறிகெட்ட வயதுக்குத் தொழிலே மருந்து என்னும் இந்த எண்ணம் நம் வீடுகளுக்குப் பழக்கமானது. சட்டப் புத்தகத்திலும் அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிற்பயிலுநர் சட்டம். பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் உள்ள ஏழைச் சிறுவர்களையும் அநாதைகளையும் ஒரு கைவினைஞரிடமோ முதலாளியிடமோ ஒப்பந்தத்தின்பேரில் ஒப்படைக்க அது வழி செய்தது. கவனிக்கவேண்டியது வேறொரு பிரிவு. ஊர்சுற்றியதற்காகவோ சிறு குற்றத்திற்காகவோ தண்டனை பெற்ற சிறுவனுக்கு மாஜிஸ்திரேட்டே பாதுகாவலராகி, அவனைத் தொழிலுக்குப் பிணைக்கலாம். பெண்ணாயின் ஒப்பந்தம் திருமணத்தோடு முடியும். ஆணின் இளமை கைத்தொழிலிலும் பெண்ணின் இளமை கணவன் வீட்டிலும் முடிவதாகவே அச்சட்டம் கண்டது. 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் வரும்வரை அது ஏட்டில் இருந்தது.

அடுத்து வந்தவை 1876, 1897ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள். சென்னை மாகாணத்திற்கான பள்ளி 1887இல் செங்கல்பட்டில் அமைந்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘இளங்குற்றவாளி’ என்றால் பதினைந்து வயதுக்குட்பட்ட பையன். சிறுமி அந்த வரையறைக்குள் வரவே இல்லை. தடுப்புக்காலம் மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஏழைத் தாண்டாது. பள்ளியில் என்னென்ன இருக்கவேண்டும் என்றும் சட்டம் வரிசைப்படுத்துகிறது: இரவில் பிரித்துப் படுக்கவைக்கும் வசதி, சுகாதாரம், தண்ணீர், உணவு, உடை, படுக்கை, தொழிற்பயிற்சி, நோயர் அறை. உடலுக்கும் கைக்கும் வேண்டிய எல்லாம் உண்டு. மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரவில் பிரித்து வைப்பதை முதலில் சொன்ன சட்டம், அச்சிறுவர்களைப் பற்றி எதை அஞ்சியது என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது.

இக்காலத்தை விரிவாக ஆராய்ந்த சதத்ரு சென், இந்தியச் சிறுவன் உண்மையில் ‘குழந்தை’தானா என்னும் ஐயமே காலனிய அதிகாரிகளை அலைக்கழித்தது என்று காட்டுகிறார். திருத்தமுடியும் என்று நம்பினால்தான் பள்ளி, இல்லையேல் சிறை. பள்ளி என்று பெயரிட்டும் சிறைபோல் நடத்தியதற்கு இந்த ஊசலாட்டம் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். இந்திய மாகாணங்களில் முதலாவதான இது, 1908ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியது. குற்றமே செய்யாத பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு: தன் பிள்ளையைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்று பெற்றவர் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால், அப்பிள்ளையைச் சான்று பெற்ற பள்ளிக்கு அனுப்பலாம். பள்ளிக்குப் போகாமை, வீட்டைவிட்டு ஓடுதல், எதிர்த்துப் பேசுதல், காரணமறியாச் சினம் என இன்று நடத்தைச் சிக்கல்கள் என்று நாம் குறிப்பவை இப்பிரிவின் வழியாக நீதிமன்றத்தின் வாசலுக்கு வரமுடிந்தது.

இங்கே இலக்கணம் சிறிது பேசவேண்டும். சட்டத்தின் வாக்கியத்தில் எழுவாய் பெற்றவர், இயலாமை அவருடையது. தமிழில் நாம் சொல்வதோ ‘அடங்காத பிள்ளை’. அடக்கு என்னும் பிறவினை மறைந்து அடங்கு என்னும் தன்வினை நிற்கிறது. குறை பிள்ளையின் இயல்பாகிவிடுகிறது. திருக்குறளில் ‘அடக்கமுடைமை’ ஒருவர் தமக்குத்தாமே ஈட்டும் பண்பு. அதே வேர்ச்சொல் பிள்ளை வளர்ப்பில் பிறருக்குப் பணிதல் என்று சுருங்கிவிட்டது. ‘விடலை’க்கும் ஏறத்தாழ இதே கதிதான். சங்க அகப்பாடல்களில் தலைவியை உடன்போக்கில் அழைத்துச் செல்லும் காளை அவன். இன்று ‘விடலைப் பையன்’ என்பது பெரும்பாலும் வசை.

ஸ்டான்லி ஹால் வளரிளம் பருவத்தைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டது 1904இல். அவருக்கு அது கொந்தளிப்பின் பருவம், உளவியலுக்குரிய பொருள். நம் மாகாணத்தின் 1925ஆம் ஆண்டுப் போர்ஸ்டல் பள்ளிச் சட்டத்தில் அதே ஆங்கிலச்சொல் தனியாக வரவில்லை, ‘வளரிளம் குற்றவாளி’ என்னும் தொடராக வந்தது: இருபத்தொரு வயதுவரை உள்ள, தண்டனை பெற்றவர்கள். நாட்டின் முதல் குழந்தை வழிகாட்டு மருத்துவகம் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளியோடு திறந்தது 1937இல்தான். 1850இலிருந்து எண்ணினால் நீதிமன்றம் 87 ஆண்டுகள் முந்திவிட்டது. (ஹாலின் கொந்தளிப்புக் கோட்பாட்டைப் பின்வந்தோர் பெரிதும் திருத்தினர்; அது வேறு கதை.)

சென்னைச் சட்டத்தின் இடத்தை 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஆனால் 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில்கூடப் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைக்கான அடையாளங்களுள் ஒன்று, பெற்றவர் அக்குழந்தையைக் ‘கட்டுப்படுத்த’த் தகுதியற்றிருத்தல். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த இடத்தில் ‘பராமரித்துப் பாதுகாத்தல்’ என்னும் பொருளுடைய சொற்கள் வந்தன. இந்த ஒரு வினைச்சொல் மாற 95 ஆண்டுகள் ஆயின.

அதே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் 15ஆம் பிரிவும் இருக்கிறது. பதினாறு நிரம்பிய ஒருவர்மீது கொடுங்குற்றச்சாட்டு வந்தால், அவருடைய மன, உடல் திறனை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிடவேண்டும். அதற்கு உளவியலாளரின் துணையையும் நாடலாம். மனம் ஒருவழியாகச் சட்டத்துக்குள் நுழைந்தது. ஆனால் நுழைந்த வேலை, அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று சொல்வது. 2015–16இன் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்தக் குழுமத்தின் முன்னும் நிற்கப்போவதில்லை. அவர்கள் வீட்டிலும் வகுப்பறையிலும் ‘அடங்காதவர்’ அல்லது ‘உம்மணாமூஞ்சி’.

2022 டிசம்பர் இறுதியில், தாம்பரம் ரயில்வே வளாகத்தில் பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். சில நாள்களுக்குள் இறந்துபோனான். உடலில் காயங்கள் இருந்தன. இல்லப் பணியாளர் ஆறு பேர் கைதாயினர். தமிழக அரசு நீதியரசர் கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. அவர் 2023இல் அறிக்கை அளித்தார். அச்சிறுவன் அடைக்கப்பட்ட இல்லம் 1887ஆம் ஆண்டுப் பள்ளியின் வழிவந்ததுதான். விசாரணைக் காலத்தில் சிறார்களை வைக்கும் இடங்களுக்கு நாம் இட்டிருக்கும் தமிழ்ப்பெயர் ‘கூர்நோக்கு இல்லம்’.